சாவி எர்சிலியாவிடம்

பேருந்து மூச்சிரைத்து நின்ற இடத்தில்
ஊர் தொடங்கவில்லை.
இன்னும் இருநூற்றுப் பதினொரு படி என்றார் ஓட்டுநர்,
எண்ணிச் சொன்னவர் போலல்ல,
மூட்டு வலியோடு ஏறிச் சொன்னவர் போல.

பியெத்ராசோர்தா.
செவிட்டுக் கல் என்று பொருளாம்.
மலையின் உச்சந்தலையில்
சீப்புக்கு அடங்காத கற்றை மாதிரி
விறைத்து நிற்கிற நாற்பது வீடுகள்.

நான் வந்தது ஓர் ஓவியத்துக்காக.
மேல்கோயிலின் வடக்குச் சுவரில்
எண்ணூறு வருடமாக
ஒரு தேவதூதன் தராசு பிடித்திருக்கிறான்.
ஒரு தட்டில் ஓர் ஆன்மா, கட்டைவிரல் உயரம்.
மறுதட்டில் காரை உதிர்ந்துவிட்டது.
எதை வைத்து நிறுக்கிறான் என்று
யாருக்கும் தெரியாது.

கதவில் பூட்டு.
பூட்டின் மேல் ஒரு சீட்டு:
சாவி எர்சிலியாவிடம்.

எர்சிலியா எங்கே என்றேன், சைகையில்.
சதுக்கத்தில் சீட்டாடிய நால்வரும்
கையிலிருந்த சீட்டை மார்போடு மறைத்துக்கொண்டு
மலையடிவாரத்தைக் காட்டினார்கள்.
ஒருவர் தன் கடைவாய்ப் பல்லைத் தொட்டு
பிடுங்குவது போல் நடித்தார்.

இறங்கினேன்.
பாதி வழியில் பாதை அடைபட்டிருந்தது.

சலவை இயந்திரம்.
நெகிழித்தாள் கூட உரிக்காத வெள்ளை.
கீழ்ப்பக்கம் கானியோ,
மேல்பக்கம் அவன் மைத்துனன் சவீனோ.
இரண்டு படி மேலே நின்று
இருவரையும் ஏசிக்கொண்டிருந்தாள்
இன்கொரொனாத்தா,
எட்டு மாத வயிற்றின் மேல் கையை ஊன்றி.

இரண்டு எதிரிகள் சேர்ந்தாற்போல் ஏறக்கூடாதென்று
வேண்டுமென்றே நெருக்கிக் கட்டிய வளைவு.
குதிரைப் படையைத் தடுத்ததோ என்னவோ,
சலவை இயந்திரத்தைத் தடுத்துவிட்டது.

பிடியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.
கானியோ என் கைகளைப் பார்த்தான்.
நான் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளினேன்.

எழுபத்தொரு கிலோ.
பெட்டியின் பக்கவாட்டில், என் மூக்குக்கு நேரே
எழுதியிருந்தது.

அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது இரண்டு சொல்:
நன்றி, எவ்வளவு.
இரண்டுக்கும் அங்கே வேலையில்லை.
மூன்றாவது அங்கேயே கிடைத்தது:
பியானோ, பியானோ.
வாத்தியம் என்று நினைத்திருந்தேன் இத்தனை நாள்.
மெல்ல என்று அர்த்தமாம்.
சவீனோ அதை
ஊரையே எழுப்பும் குரலில் சொன்னான்.

ஜன்னல்கள் திறந்தன.
ஜன்னலுக்கு ஓர் அபிப்பிராயம்.
சாய் என்றது பச்சைக் கதவு,
நிமிர்த்து என்றது எதிர்மாடி.
உள்பனியனோடு ஒருவர் இறங்கி வந்து
பேசாமல் கொள்ளாமல்
சுவர் முனையில் ஆலிவ் எண்ணெயைத் தடவினார்,
பிள்ளைக்குத் தலை தேய்ப்பது போல
அழுத்தி.

நழுவியது.
பெரும் கைத்தட்டல்.
என் விரல் நசுங்கியதை
நாய் மட்டும் கவனித்தது.

சமையலறையில் குழாயை மாட்டி முடித்ததும்
சவீனோ வியர்த்த சட்டையைக் கழற்றி உள்ளே எறிந்தான்.
இன்கொரொனாத்தா அதை எடுத்து
அவன் முகத்தில் எறிந்தாள்.
பிறகு ஒரு பையை அவிழ்த்து
ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள்:
உள்ளங்கையளவுச் சட்டைகள்,
விரலுறை போன்ற காலுறைகள்,
இன்னும் யாரும் அணியாதவை,
அழுக்கே படாதவை.

சுழன்றது.
அந்த வீட்டின் தரைக்கடியில்
பாறையைக் குடைந்த பழைய நீர்த்தொட்டி இருக்கிறதாம்,
வற்றி எத்தனையோ காலம்.
அது முழங்கத் தொடங்கியது.
மேசையில் கரண்டிகள் நடந்தன.
நாங்கள் நால்வரும்
முழுதாக நாற்பது நிமிடம்
அந்த வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
யாருமே ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலரைக்குக் கடைசிப் பேருந்து.
கீழ்ப்படிகளில் எதிரே ஏறி வந்தாள் ஒருத்தி,
ஒரு கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சு,
இடுப்பில் ஒரு சாண் நீளச் சாவி.
சாவியைத் தூக்கிக் காட்டினாள்.
வருகிறாயா என்றுதான் அர்த்தம்.

ஹாரன் அடித்தது.
அவளால் பேச முடியாது.
எனக்கோ மூன்றே சொல்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்,
எண்ணெயும் தகர விளிம்பின் தடமும்
இரண்டிலும் சிவந்திருந்தன.

எர்சிலியா நிமிர்ந்து
மேலே, கானியோ வீட்டுப் பக்கம் பார்த்தாள்.
சிரிக்க வந்தது அவளுக்கு.
சிரித்து,
ஐயோவென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.